உப்புச் சந்தின் தொலைந்த பகுதி

தொலைபேசி மணி அடித்தபோது தெல்மா கணவரின் கால்களுக்கு அடியில் தலையணையைச் செருகிக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏற முடியாமல் போனதிலிருந்து ஆர்னால்டின் கட்டில் முன்னறையில்தான் கிடந்தது. பக்கத்தில் பிராணவாயு இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணாத்தான் இருக்கும். எடு" என்றார் ஆர்னால்டு. மூச்சுக்கு நடுவில் சொல்லை நுழைத்துப் பேச அவர் பழகியிருந்தார். "எப்ப வருதுன்னு கேளு."

தெல்மா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தாள். கெய்னர்தான். மான்செஸ்டரில், பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தேடிப்பிடித்து டிவிடி வட்டுகளாகப் போடும் சின்ன நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. 'உப்புச் சந்து' தொடரை முழுசாகக் கொண்டுவரப் போகிறோம், முப்பது வருஷம் முன்னால் ஹல் துறைமுகத்தில் எடுத்தது, அதில் நடித்த பிள்ளைகளைப் பற்றி யாருக்காவது தெரியுமா என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கேட்டிருந்தவளும் அவள்தான். தெல்மா தன் மகள் லினெட் நடித்ததைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். அன்றிலிருந்து ஆர்னால்டு அந்த வட்டுக்காகத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று தெல்மாவுக்குத் தோன்றும்.

"மிசஸ் கெல், உக்காந்திருக்கீங்களா?"

"நின்னாலும் கேக்கும், சொல்லு கண்ணு."

"எல்லாப் பகுதியும் கிடைச்சிருச்சு. நியூசிலாந்துக்கு வித்த பிரதி வரைக்கும் தேடி எடுத்தோம். ஒண்ணே ஒண்ணு தவிர."

எந்த ஒன்று என்று தெல்மா கேட்கவில்லை. லினெட் நடித்த பகுதிதான் என்பது கெய்னரின் குரலிலேயே இருந்தது.

"அந்தக் காலத்துல டேப் விலை ஜாஸ்தி. அழிச்சிட்டு அதுமேலயே வேற எடுப்பாங்க. பிலிம் பிரதிகளையும் தூக்கிப் போட்டாங்க. பழசை யாரு திரும்பப் பாக்கப் போறாங்கன்னு நினைச்சாங்க. இப்ப பாருங்க, அந்த ஒரு பகுதியும் சேந்து வந்தா எவ்வளவு கூடுதல் விலை கொடுத்தாலும் வாங்குவோம்னு சேகரிப்பாளருங்க எழுதிக்கிட்டே இருக்காங்க."

"அவரு அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு" என்றாள் தெல்மா.

"தெரியும். அதான் நானே கூப்பிட்டேன்."

படப்பிடிப்புக் குழு துறைமுகத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் சிலரைப் பொறுக்கிக்கொண்டபோது லினெட்டுக்கு ஒன்பது வயது. ஆர்னால்டு அப்போது ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தார். பகுதி ஒளிபரப்பானபோதும் கடலில்தான். மறுபடியும் போடுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தெல்மா சமாதானம் சொன்னாள். அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல். திங்கட்கிழமை தலைவலி என்றாள், புதன்கிழமை இல்லை. கப்பலுக்கு வானொலியில் செய்தி போயிற்று. கிடங்கு பாதிகூட நிறையாத கப்பலைத் திருப்ப முதலாளி சம்மதிக்கவில்லை. ஆர்னால்டுக்காகக் காத்திருக்கலாமா என்று பாதிரியார் கேட்டபோது, முடியாது, புதைத்துவிடுங்கள் என்று சொன்னவள் தெல்மா. பிள்ளையை அந்தப் பெட்டிக்குள் இன்னும் ஒரு நாள் வைத்திருக்க அவளால் முடியவில்லை. ஆர்னால்டு வந்து இறங்கியபோது மண்மேட்டின் மேல் வைத்த பூக்கூட வாடியிருந்தது. ஏன் காத்திருக்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று தெல்மா பல தடவை நினைத்ததுண்டு.

"அவருக்கு நாள் இல்ல கண்ணு" என்றாள் அவள். "நர்ஸ் இப்பல்லாம் என் முகத்தைப் பாத்துப் பேசறதில்ல."

மறுமுனையில் கெய்னர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "நான் இதைச் சொல்லக் கூடாது" என்று தொடங்கினாள். கூல் நகரத்தில் மெர்வின் பெக்கிட் என்று ஒரு ஆள். அந்தத் தொடரை எடுத்த ரைடிங்ஸ் டெலிவிஷனின் பிலிம் கிடங்கில் இளவயதில் வேலை பார்த்தவன். தூக்கிப்போடச் சொன்ன பெட்டிகளில் சிலவற்றை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனதாகச் சேகரிப்பாளர்களுக்கு நடுவே ஒரு பேச்சு. கெய்னர் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். என்னிடம் ஒன்றுமில்லை என்பதோடு அவன் சரி.

"அவரைப் போய்ப் பாக்காதீங்க மிசஸ் கெல். ஆள் பயந்த சுபாவம். கதவைச் சாத்திட்டா அப்புறம் யாருக்கும் திறக்க மாட்டாரு."

"நான் எங்க போகப் போறேன்" என்றாள் தெல்மா.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு டோராவை ஆர்னால்டுக்குத் துணை வைத்துவிட்டு அவள் கூலுக்கு ரயில் ஏறினாள்.

பெக்கிட்டின் முகவரி தபால் நிலையத்தில் விசாரித்ததுமே கிடைத்தது. ஆற்றோரத் தெருவில் கடைசி வீடு. பகலிலும் திரை மூடியிருந்தது. கதவைத் திறந்தவனுக்கு அறுபதை ஒட்டிய வயது. கம்பளிச் சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வினிகர் தெளித்து விற்கும் சிப்ஸ் கடை வாசலில் அடிக்கிற மாதிரி நெடி அடித்தது.

"உப்புச் சந்து பத்திப் பேச வந்தேன்" என்றாள் தெல்மா.

"என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. இவ என் பொண்ணு. அதுல நடிச்சா. இதையாவது பாருங்க." கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தை நீட்டினாள். இரட்டைப் பின்னல், ஒரு பல் இல்லாத சிரிப்பு.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவன் பார்த்தான். "தொப்பி இல்லாம அடையாளமே தெரியல" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. படப்பிடிப்பன்று காற்று அதிகம் என்று யாரோ லினெட்டின் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டார்கள். ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு நிமிஷக் காட்சி. முப்பது வருஷம் கழித்து ஒருவன் அதை நினைவில் வைத்திருக்கிறான் என்றால், அவன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான்.

"அது இங்கதான் இருக்கு" என்றாள் தெல்மா.

"போயிருங்க, மிசஸ்."

"எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கையா கிடக்கறாரு. அவளைப் புதைச்சப்பவும் அவரு பாக்கல, இதையும் பாக்கல. ஒரே ஒரு தடவை போதும். என்ன வேணும்னாலும் செய்யறேன், வீட்டைப் பெருக்கச் சொன்னாக்கூட."

மெர்வினின் கண்கள் தெருவை மேலும் கீழும் தேடின. "அது திருட்டுச் சொத்து, புரியுதா? வெளிய தெரிஞ்சா எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க. நான் இல்லன்னா அதெல்லாம் குப்பை மேட்டுல எரிஞ்சிருக்கும். ஆனா அதை யாரு கேப்பாங்க?"

கதவு மூடிக்கொண்டது. வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி, கதவிலிருந்த தபால் துளை வழியாக உள்ளே தள்ளிவிட்டுத் தெல்மா திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில் ஆர்னால்டின் நிலைமை மோசமாயிற்று. உதடு நீலம் பாரித்தது. நர்ஸ் மருந்தின் அளவைக் கூட்டினாள். கதவருகே தெல்மாவின் தோளைத் தொட்டு, "யாருக்காவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள். சொல்ல யாரும் இல்லை. அவர்களுக்கு லினெட்டுக்குப் பிறகு பிள்ளை கிடையாது.

தெல்மா உருளைக்கிழங்கைப் பாலில் மசித்துக் கொண்டுவந்து கரண்டியால் ஊட்டினாள். இரண்டாவது வாய்க்கே ஆர்னால்டு தலையைத் திருப்பிக்கொண்டார்.

"எப்ப வருதாம்?"

"வந்துக்கிட்டே இருக்கு. தபால்ல போட்டுட்டாங்களாம்."

"நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே கவனிச்சு வச்சிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார், இருமலில் முடிந்தது. இருமல் அடங்கியதும் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ முகம் இருக்கு, தெல்மா. படம் மாட்டியிருக்கோமே, அதனால இருக்கு. குரல்தான் போயிருச்சு. கண்ணை மூடிக் கேட்டுப் பாக்கறேன். டோராவோட பேத்தி குரல்தான் வருது."

தெல்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். அவளுக்கும் குரல் ஞாபகமில்லை. அதை அவரிடம் சொல்லத் தைரியமில்லை.

மறுபடி கூலுக்குப் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. மெர்வின் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நடமாடும் சத்தம் மட்டும் கேட்டது. தெல்மா வாசல்படியில் உட்கார்ந்தாள். கோட்டு நனைந்து முதுகில் ஒட்டியது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னலைத் திறந்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாள். "சாவி மறந்துட்டேன்" என்றாள் தெல்மா. பிறகு தபால் துளையைத் தூக்கிப்பிடித்து, வாயை அதில் வைத்துப் பேசினாள்.

"மெர்வின், நான் போலீஸுக்குப் போகல. யார்கிட்டயும் சொல்லல. குளிர்ல நான் இங்கயே விறைச்சுப் போனா ஆம்புலன்ஸ் வரும், அப்ப எல்லாருமே வந்து எட்டிப் பாப்பாங்க. உனக்கு அது பரவாயில்லையா?"

கதவு திறந்தது.

"மிரட்டறீங்களா?"

"ஆமா" என்றாள் தெல்மா.

உள்ளே நடக்க ஓர் ஆள் அகலத்துக்குத்தான் வழி இருந்தது. இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள், கூரையைத் தொடும் உயரத்துக்கு. நெடி கண்ணைக் கரித்தது. இறந்துபோன தன் அம்மாவுடையது என்று மெர்வின் காட்டிய அறையிலும் பெட்டிகள்தான். அவள் கட்டில் மட்டும் நடுவில் தீவு மாதிரி இருந்தது. மெர்வின் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரோரம் கிடந்த ஒரு வட்டப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துவந்து மேஜை மேல் வைத்தான். துருப்பிடித்த மூடியில் பென்சிலால் தொடரின் பெயர் எழுதியிருந்தது.

"இங்கயே போட்டுக் காட்டறேன். உங்களுக்கு மட்டும். அப்புறம் இந்தப் பக்கம் வரவே கூடாது."

"பாக்க வேண்டியவ நான் இல்ல. அவருதான்."

"வீட்டை விட்டு எதுவும் வெளிய போகாது. அதுல வேற பேச்சே கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, தணிந்த குரலில், "நீங்க பாத்துட்டுப் போய் அவருகிட்ட சொல்லலாமே" என்றான்.

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். தெல்மாவுக்கோ கோபம் வந்தது. முப்பது வருஷமாக அவள் செய்ததெல்லாம் அதுதானே. காய்ச்சலில் பிள்ளை என்ன சொன்னாள், பெட்டிக்குள் எப்படி இருந்தாள், அடக்கத்தில் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று எல்லாமே அவள் பார்த்துவிட்டு வந்து அவரிடம் சொன்னதுதான்.

"ஒரு டீ குடிச்சா தேவலாம். நடுங்குது" என்றாள்.

மெர்வின் பின்கட்டுக்குப் போனான். கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தெல்மா பெட்டியைத் தூக்கி ஈரக் கோட்டுக்குள் மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். அறுபத்தெட்டு வயதில் அவள் ஒரு மிட்டாய்கூடத் திருடியதில்லை. ரயில் நிலையம் வரை ஓட்டமும் நடையுமாகப் போனாள். பெட்டியின் விளிம்பு விலாவில் குத்திக்கொண்டே வந்தது. ரயிலில் பக்கத்தில் இருந்தவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு இருக்கைக்கு மாறினான்.

வீட்டுக்கு வந்தபோது ஆர்னால்டு மருந்து மயக்கத்தில் இருந்தார். டோராவை அனுப்பிவிட்டு, பெட்டியைச் சமையலறை மேஜையில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். அதற்கப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. இதை வைத்து என்ன செய்வது? வீட்டில் ஓட்டுகிற கருவி கிடையாது. அப்படி ஒன்று இருக்கும் வீடு எதுவும் அவளுக்குத் தெரியாது. மூடியை நெம்பித் திறந்தாள். சுருள் விளிம்பெல்லாம் நெளிந்து, காய்ந்த ஆரஞ்சுத் தோல் மாதிரி வளைந்திருந்தது. மகள் இதற்குள் எங்கோ இருக்கிறாள்.

கெய்னரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். பெட்டியிலிருந்து வரும் வினிகர் நெடியையும் சொன்னாள்.

"நீங்க அதைத் திறந்தீங்களா?"

"திறந்துட்டேன்."

"மூடிடுங்க. தயவுசெஞ்சு தொடாதீங்க. வினிகர் வாசம் வருதுன்னா பிலிம் அழுகுதுன்னு அர்த்தம். அது சுருங்கியிருக்கும். சாதாரணக் கருவில ஓட்டினா ஓரத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் கிழிஞ்சிரும். லண்டன்ல பழைய பிலிமைச் சரிபண்ற ஒரு கூடம் இருக்கு. அவங்க பதப்படுத்தி, கொஞ்சங் கொஞ்சமாப் பிரதி எடுத்துருவாங்க."

"எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு மாசம். அவசரம்னு சொன்னா கொஞ்சம் முன்னாடி."

"அவருக்கு இந்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குமான்னு தெரியல."

"எனக்குப் புரியுது, மிசஸ் கெல். ஆனா உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு."

தெல்மா பதில் சொல்வதற்குள் வாசற்கதவை யாரோ இடித்தார்கள். மெர்வின். மழையில் கண்ணாடி மங்கி, முகம் வெளிறி, நேரே அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே அவனுடைய பழைய வேன் தாறுமாறாக நின்றது.

"எங்க அது? டீ போட்டுட்டு வந்து பாக்கறேன், மேஜை காலி. எங்கம்மா செத்தப்பக்கூட எனக்கு இப்படி ஆகல. கொடுத்துருங்க."

"சமையலறையில இருக்கு. நான் ஒண்ணும் செய்யல."

அவன் முன்னறையைக் கடந்துதான் போகவேண்டும். கட்டிலைப் பார்த்ததும் கால் நின்றது. ஆர்னால்டு விழித்திருந்தார். மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிய முகம், போர்வைக்கு மேல் கிடந்த பெரிய கைகள்.

"யாருப்பா நீ?"

"மெர்வின்."

"இவ போன்ல பேசினது அரைகுறையாக் கேட்டுச்சு. பிலிம் வச்சிருக்கிற ஆளா? இவ உன் வீட்டுக்கு வந்தாளா?" ஆர்னால்டு தெல்மாவைப் பார்த்தார். "காது சிவந்திருக்கு பாரு. என்ன பண்ணின?"

"திருடிட்டு வந்துட்டேன்" என்றாள் தெல்மா.

ஆர்னால்டின் மார்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவர்களுக்குச் சற்று நேரமாயிற்று. மெர்வின் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

தெல்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கணவரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.  மதியம் கடந்தது. அவள் சூப்பு வைத்தாள், அவர் குடிக்கவில்லை. வாசலில் மறுபடி வேன் வந்து நின்றபோது அவள் எழுந்து பார்க்கக்கூட இல்லை. மெர்வின் இரண்டு தடவை நடந்து சாமான்களை உள்ளே கொண்டுவந்து வைத்தான்: படம் ஓட்டும் கருவி, ஒலிபெருக்கி, பெட்டி.

"நான் மனசு மாறிட்டேன்னு நினைக்காதீங்க" என்றான். "பாதி வழி போயிட்டேன். அதுக்கப்புறம் சும்மா போக முடியல. இந்தக் கருவியை எடுக்கத்தான் வீட்டுக்குப் போனேன்."

ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டார்கள். எதிர்ச் சுவரிலிருந்த படங்களைத் தெல்மா கழற்றினாள். மெர்வின் சுருளை மாட்டினான். "கடைசியா ஓட்டிப் பல வருஷம் ஆச்சு. இப்ப ஓட்டினா கிழியலாம். சிக்கிட்டா விளக்குச் சூட்டுல உருகிடும். உருகினது உருகினதுதான். இது ஒரு பிரதிதான் இருக்கு. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"எனக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார் ஆர்னால்டு. "ஓட்டு."

மெர்வின் தெல்மாவைப் பார்த்தான். கெய்னர் சொன்னது அத்தனையும் அவள் காதில் இருந்தது. லண்டனுக்கு அனுப்பினால் அவள் ஆயுள் முழுக்க மகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேறு எதுவும் இல்லாமல் போகப்போகிற வீட்டில் அது மட்டுமாவது இருக்கும்.

"ஓட்டு" என்றாள் அவளும்.

சுவரில் துறைமுகம் வந்தது. வண்ணமெல்லாம் வெளுத்து, தண்ணீரும் வானமும் ஒரே இளஞ்சிவப்பாக இருந்தன. இசை நெளிந்து நெளிந்து கேட்டது. தொடக்கத்திலேயே பிலிம் அறுந்தது, மெர்வின் ஒட்டினான். மறுபடி ஓடியது. கள்ளக் கடத்தல்காரர்களைத் துரத்தும் பிள்ளைகள் பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். இன்னொரு இடத்தில் அறுந்தது. ஆர்னால்டின் மூச்சு வேகமாயிற்று. "எப்ப வருவா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார்.

"இதோ" என்றான் மெர்வின்.

தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் கரையோரமாக ஓடிவந்தாள். காலுறை ஒன்று சரிந்து கணுக்காலில் கிடந்தது. தெல்மாவின் கை தானாகவே நீண்டது, அதை இழுத்துவிட. பெண் கரை விளிம்பில் நின்று, கிளம்பிக்கொண்டிருந்த மீன்பிடிக் கப்பலைப் பார்த்து, கையை உயர்த்தி ஆட்டினாள்.

"யாருக்குக் கையாட்டறா?" என்றார் ஆர்னால்டு.

"கப்பலுக்கு. டைரக்டர் சொன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள் தெல்மா.

அந்தத் துறைமுகத் தெருக்களில் யாரும் கப்பலுக்குக் கையாட்டமாட்டார்கள். கையாட்டினால் கடல் ஆளை வைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. தெல்மா ஒரு தடவைகூட அவரை வழியனுப்பக் கரைக்குப் போனதில்லை.

"எனக்கு யாருமே கையாட்டினதில்ல" என்றார் ஆர்னால்டு. போர்வை மேல் கிடந்த கை கொஞ்சம் எழும்பி விழுந்தது.

சுவரில் இருந்த பையன் ஒருவன், அது உங்கப்பா கப்பலா என்று கேட்டான். லினெட் திரும்பினாள். பல் இல்லாத இடத்தில் காற்று விசிலடித்தது. கரகரத்த, கொஞ்சம் அதட்டுகிற குரல். அந்தக் குரல் கேட்டதும் தெல்மா சுவரை நோக்கி ஓர் அடி வைத்தாள். இதையா மறந்தோம்?

"இல்ல. எங்கப்பா கப்பலுக்கு—"

கருவி கீச்சிட்டது. மகளின் முகம் அப்படியே நின்றது. உதட்டோரத்தில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றி, விரிந்து, கொப்பளித்து, சுவர் வெள்ளையாயிற்று. மெர்வின் பாய்ந்து விளக்கை அணைத்தான். புகை நாற்றம் அறையில் பரவியது.

தெல்மா ஜன்னல் போர்வையை விலக்கினாள்.

"எங்கப்பா கப்பலுக்கு?" என்றார் ஆர்னால்டு. "கப்பலுக்கு என்ன? என்ன சொன்னா?"

மெர்வின் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். அந்த இடத்தில் நெடுகக் கிழிந்து, கருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. "இந்தத் துண்டு போச்சு" என்றான்.

"தெல்மா, நீ அங்கதானே நின்னே. என்ன சொன்னா?"

தெல்மா நினைவைக் கசக்கினாள். அன்றைக்குக் காற்று, கையில் லினெட்டின் கோட்டு, கையாட்டச் சொன்னதற்காக டைரக்டர் மேல் கோபம். கோபத்தில் அவள் கேட்கவே இல்லை. "தெரியல" என்றாள். "எழுதிக் கொடுத்த வசனம் 'இல்ல'ங்கறது மட்டும்தான். மிச்சத்தை அவளே சேத்துக்கிட்டா. என்னன்னு எனக்குத் தெரியல, ஆர்னி."

"நீ எத்தனையோ தடவை பாத்திருக்கியேப்பா."

மெர்வின் கண்ணாடியைத் துடைத்தான். "எங்கப்பா கப்பலுக்குப் புகைபோக்கி கறுப்பு. அப்படித்தான் சொல்லுவா. கறுப்பு, நடுவுல மஞ்சக் கோடு."

"என் கப்பலுக்குச் சிவப்பு" என்றார் ஆர்னால்டு. "ஏம்ப்பா புளுகற?"

மெர்வின் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சிருங்க. எனக்கு ஞாபகம் இல்ல. அந்தக் காட்சியில பின்னாடி ஒரு பால் வண்டி தெரியாத்தனமா வந்துட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். அவ பேசினதை நான் கவனிச்சதே இல்ல."

ஆர்னால்டு அவனைத் திட்டவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார். "முதல்லேர்ந்து வேண்டாம். அவ ஓடிவர்ற இடம் மட்டும்."

இனி மாட்டினால் மிச்சமும் கிழிந்துவிடும். மெர்வின் சுருளைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

அதற்குப் பிறகு அவர் சில நாள் இருந்தார். நிம்மதியாக இருந்தார் என்று டோராவிடம் தெல்மா சொன்னாள், அது பொய். விழிக்கும்போதெல்லாம் கேட்டார். எங்கப்பா கப்பலுக்கு என்ன? பெரிசுன்னு சொன்னாளா? நாத்தம்னு சொன்னாளா? வீட்டுக்கு வர்றப்ப நான் மீன் நாத்தம் அடிப்பேன்னு சொல்லுவா, அதைச் சொல்லியிருப்பாளோ? தெல்மா ஒவ்வொன்றுக்கும் இருக்கும் இருக்கும் என்றாள். ஒரு விடியற்காலை அவர் கையை இறுகப் பிடித்து, "நீ புதைச்சது சரிதான்" என்றார். அவளுக்கு அது மன்னிப்பா, மருந்து மயக்கமா என்று புரியவில்லை. கேட்கலாம் என்று குனிந்தாள். அவர் மறுபடி கப்பலைப் பற்றிக் கேட்டார். அன்று மாலை போய்விட்டார்.

அடக்கத்துக்கு மெர்வின் வந்திருந்தான், பொத்தான்களைச் சரியாகப் போட்டுக்கொண்டு. கல்லறையிலிருந்து நேரே பெட்டியைக் கெய்னரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். யாரும் அவனைக் கைது செய்யவில்லை. அவன் வீட்டிலிருந்த மற்றப் பெட்டிகளையும் கெய்னரின் நிறுவனத்தார் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வீடு காலியான பிறகு தூக்கம் வரவில்லை என்று தெல்மாவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

அடுத்த வசந்தத்தில் வட்டுகள் வந்தன. அந்தப் பகுதி இருந்ததால் கூடுதல் விலை. அப்படியும் சில வாரத்திலேயே விற்றுத் தீர்ந்துவிட்டதாம். கெய்னர் தெல்மாவுக்கு ஒன்று அனுப்பினாள். கூடவே தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சேகரிப்பாளருங்க சிலர் கோவமா எழுதறாங்க. நடுவுல சில நொடி இல்லன்னு. எந்தப் பாவி கருக்கினான்னு கேக்கறாங்க. நான் யார் பேரையும் சொல்லல."

"சொல்லு கண்ணு. நான்தான்னு சொல்லு."

தெல்மா அதைப் போட்டுப் பார்த்தாள். லண்டன்காரர்கள் வண்ணத்தை மீட்டிருந்தார்கள். தொப்பி பளிச்சென்று சிவப்பாக இருந்தது, தண்ணீர் தண்ணீர் நிறத்தில் இருந்தது. லினெட் ஓடிவந்தாள், கையாட்டினாள், திரும்பினாள். "இல்ல. எங்கப்பா கப்பலுக்கு—" திரை ஒரு கணம் இருண்டது. அடுத்த காட்சியில் அந்தப் பையன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் ஏதோ சொல்லித்தான் அந்தச் சிரிப்பு.

தெல்மா பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தாள். பிறகு மறுபடி. பையனின் உதட்டைப் பார்த்தாள், பால் வண்டியைப் பார்த்தாள், அந்த இருட்டைக் கண்கொட்டாமல் பார்த்தாள். வெளியே டோரா கூப்பிடுவது கேட்டது. அவள் எழவில்லை.